ஏழு மணி நேரமும் கடைசி இருபது மைலும்

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் தூரத்தை நூலால் அளக்கிறோம். கப்பலுக்கும் விமானத்துக்கும் டிக்கெட் எழுதிக் கொடுக்கும் இடம் அது. கவுண்டர் மேல் ஓர் உலக உருண்டை இருக்கிறது. அதன் காம்பில் ஒரு முழம் சிவப்பு நூல் கட்டித் தொங்கும். யாராவது வந்து இன்ன ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், என்னோடு வேலை செய்யும் லிம் என்ற சீன இளைஞன் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் வைப்பான். மறுமுனையைக் கேட்ட ஊர்வரை இழுத்துப் பிடித்து, அந்த நீளத்தை மைல் குறித்த அட்டையில் வைத்துப் பார்த்துச் சொல்வான். முதல் நாள் இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் புதுப்பட்டினத்தில் சதுரங்கப்பட்டினம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒரு பீடி என்பார்கள். திருக்கழுக்குன்றம் என்றால், விடியலில் வண்டி பூட்டினால் வெயில் ஏறுவதற்குள் என்பார்கள். தூரத்தை விரலில் பிடித்துக் காட்டலாம் என்று அங்கே யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது நானே நூலை எடுத்து மீனம்பாக்கம் வரை இழுத்துப் பார்த்தேன். என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். அட்டை ஆயிரத்து எண்ணூறு மைல் என்றது. கால அட்டவணை ஏழு மணி நேரம் என்றது.

ஏழு மணி நேரம்! மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கடலை நான் கப்பலில் கடந்தேன். எட்டு நாள். அதில் ஐந்து நாள் தலை தூக்காமல் வாந்தி. நான் கிளம்பிய அன்று என் தங்கை மைமூன் வாசல் வரைகூட வரவில்லை. எங்களைப் பெற்ற அத்தா இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒருவர் போனதே போதாதா என்று உள்ளே இருந்தபடி அம்மாவிடம் கேட்டாளாம். எட்டு நாள் தூரத்தில் இருக்கும் அண்ணன் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. அதனால்தான் நூலைப் பார்த்த அன்று மாலையே சிராங்கூன் சாலை அறையில் உட்கார்ந்து நாலு பக்கம் கடிதம் எழுதினேன். சிங்கப்பூர் இப்போது பக்கத்து ஊர்; காலையில் இங்கே கோப்பி குடித்தால் மத்தியானச் சோற்றுக்கு மீனம்பாக்கத்தில் இருக்கலாம்; நம் ஊரிலிருந்து நாகூருக்குப் போய்ச் சேரும் நேரத்தில் பாதிகூட ஆகாது. இப்படிப் போயிற்று கடிதம். ஓரத்தில் உருண்டை ஒன்றை வரைந்து அதன்மேல் நூலையும் வரைந்திருந்தேன்.

எனக்கு எதையும் அளவோடு சொல்லத் தெரியாது. கடிதம் ஊரைச் சுற்றிவிட்டது. அத்தாவின் தம்பி, நாங்கள் சின்னத்தா என்று கூப்பிடுகிறவர், அதை டீக்கடையில் வாசித்துக் காட்டினாராம். பள்ளிவாசலில் அதை வைத்து ஒரு விவாதமே நடந்தது. பயணத்தில் இருப்பவன் நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்று, உள்ள தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம் என்பது எங்கள் மார்க்கத்தில் உள்ள சலுகை. ஏழு மணி நேரத்தில் வந்து சேருகிறவன் பயணியா, அவனுக்கு அந்தச் சலுகை உண்டா என்று பாதிப் பேர் கேட்டார்கள். தொழுகை நடத்தும் எங்கள் ஹஜ்ரத் அமைதியாகச் சொன்னாராம், கணக்கு மைலுக்குத்தான், மணிக்கு இல்லை என்று. அதோடு அது முடிந்தது. மைமூனைத் தவிர எல்லோருக்கும் முடிந்தது.

இந்த வருஷம் அவளுக்கு வரன் பார்த்தது நான்தான். செங்கல்பட்டில் என்னோடு ஹைஸ்கூலில் படித்த ஜமால், அங்கேயே சைக்கிள் கடை வைத்திருப்பவன். கடிதத்திலேயே பேசி, கடிதத்திலேயே முடித்தேன். அத்தா இல்லாத வீட்டில் பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்பு அண்ணனுக்கு. நான் வர முடியாது, என் சார்பில் சின்னத்தாவே செய்து கொடுக்கலாம் என்று ஒப்புதல் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஹஜ்ரத்தும் சரி என்றுவிட்டார். பதினைந்தாம் நாள் அம்மா சொல்லச் சொல்லச் சின்னத்தா எழுதிய பதில் வந்தது. மைமூன் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறாளா என்றால் அதுவும் இல்லை, வேண்டும் என்கிறாளா என்றால் அதுவும் இல்லை. அவள் சொன்னதைச் சின்னத்தா அப்படியே எழுதியிருந்தார்: "அண்ணன் ஏழு மணி நேரத்து தூரத்துலதானே கீது? அப்போ அதுவே வந்து கேக்கட்டும். அதுக்குத்தான் பதில் சொல்லுவேன்."

எங்கள் வழக்கம் இது: நிக்காஹுக்கு முன்னால் பெண் வீட்டிலிருந்து ஒருவர், இரண்டு சாட்சிகளோடு, பெண் இருக்கும் அறைக்குப் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, இன்னாருக்கு உன்னைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தாலும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஆயிரத்து எண்ணூறு மைல் வர வேண்டுமா? கோபம்தான் முதலில் வந்தது. பிறகு பயம் வந்தது. முகத்தைக்கூடப் பார்க்காதவனுக்கு அவளைக் கடிதத்திலேயே பேசி முடித்தவன் நான். வேண்டாம் என்று என் முகத்துக்கு நேரே சொல்லத்தான் கூப்பிடுகிறாளோ?

விடுப்பு கேட்டேன். அலுவலகத்து ஆள் என்பதால் ஒரு காலி இடம் கிடைத்தது. வியாழன் காலை விமானம், வெள்ளி பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் நிக்காஹ் என்று ஊருக்கு எழுதினேன். வெள்ளியைத் தாண்டக் கூடாது. அன்று மாலை பிறை தெரிந்துவிட்டால் முஹர்ரம் பிறந்துவிடும். எங்கள் பக்கம் அந்த மாதமும் அடுத்த மாதமும் நிக்காஹ் வைக்க மாட்டார்கள். இரண்டு மாதம் நான் காத்திருக்க முடியாது. நாள் குறித்து நின்றுபோன பெண் என்ற பேச்சோடு அவளால் இருக்கவும் முடியாது.

எதற்கு ஊருக்கு ஓடுகிறாய் என்று லிம் கேட்டான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒரு பெண்ணிடம் சம்மதம் கேட்கப் போகிறேன் என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பிடித்துக் குலுக்கி, அழகாக இருப்பாளா என்று கேட்டான். என் தங்கை என்றேன். பிடித்த கையை மெதுவாக விட்டான். அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில், அவள் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டான். நான் டிக்கெட் கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். அவன் என்னவோ விளையாட்டாகத்தான் கேட்டான்.

வியாழன் காலை பாயா லேபர் விமான நிலையத்தில் போய் உட்கார்ந்தால், பம்பாயிலிருந்து வர வேண்டிய விமானம் மழைக்காற்றில் தாமதம், நாளைக்குத்தான் என்றார்கள். போன வருஷம் திறந்த புத்தம்புதுக் கட்டடம். தரை பளபளவென்று இருந்தது. அந்தத் தரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி நேரம் என்று எழுதினேனே, அந்த ஏழு மணி நேரம் எந்த நாளில் தொடங்கும் என்று எழுதவில்லையே! ஜமாலின் கடைக்குத் தந்தி கொடுத்தேன். ஊருக்குக் கொடுத்தால் தந்தி எனக்குப் பின்னால்தான் போய்ச் சேரும்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு விமானம் கிளம்பியது. அந்தமான் பக்கம் மேகத்துக்குள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. எங்கள் கரையைப் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். விமானம் இறங்க ஆரம்பித்ததும் சவுக்குத் தோப்பு ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் பக்கிங்காம் கால்வாய். சதுரங்கப்பட்டினத்து இடிந்த கோட்டை. அதற்கு இந்தப் பக்கம், ஒரு கைப்பிடி ஓட்டுக் கூரைகளும் வெள்ளைச் சுண்ணாம்புப் பள்ளிவாசலும். என் ஊர்! பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரின் தோளைத் தட்டி, என் வீடு என் வீடு என்று கத்தினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். அதற்குள் நாங்கள் மாமல்லபுரத்துக்கு மேல் வந்துவிட்டோம். கீழே கலங்கரை விளக்கமும் கடற்கரைக் கோயிலும். அவர் கோயிலையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ரொம்பப் பழமையான கட்டடம், உங்கள் குடும்பம் நன்றாகப் பராமரிக்கிறது என்று என்னைப் பாராட்டினார். திருத்திச் சொல்ல நேரமில்லை. எனக்கு வேறு ஒரு விஷயம் உறைத்துக்கொண்டிருந்தது. ஊருக்கு நேர் மேலே வந்துவிட்டேன். அம்மா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் என் விமானம் தெரியும். ஆனால் இறங்க முடியாது. நாற்பது மைல் தள்ளிப் போய் இறங்கி, அந்த நாற்பது மைலையும் திரும்பி வர வேண்டும்.

மீனம்பாக்கத்தில் மணி பன்னிரண்டு. என் கைக்கடிகாரத்தில் இரண்டு. சுங்கத்தில் பெட்டியைத் திறந்து, அம்மை குத்திய அட்டையைக் காட்டி, வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கட்டடத்துக்குப் பின்னால் துண்டை விரித்து மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுதேன், பயணி என்பதால் இரண்டு ரக்அத். மின்சார ரயிலில் தாம்பரம். அங்கே கரி இஞ்சின் ரயிலுக்காக நின்றேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஊர்க்கதை பேசிவிட்டு ஏறுவதுபோல அது செங்கல்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றேகால். புதுப்பட்டினம் பக்கம் போகும் பஸ் மூன்று மணிக்கே போய்விட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். பெட்டியோடு படியில் நின்றேன். அப்போதுதான் எதிரே இரண்டு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தேன். பட்டுச் சட்டை, புதுத் தொப்பி, காதோரம் அத்தர். மாப்பிள்ளை.

"இன்னாடா, ஒரு நாள் பூரா பேஜாரு பண்ணிட்ட" என்றான் ஜமால்.

அவன் வீட்டார் எல்லோரும் மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டார்களாம். மாப்பிள்ளை எங்கே என்று அங்கே தேடிக்கொண்டிருப்பார்கள். நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "பொண்ணு அண்ணன் வந்தாத்தான் வாயத் தொறக்குமாம். அண்ணன் வர்லன்னா மாலையப் போட்டுகினு நான் அங்க இன்னா பண்றது? ஏறு மச்சான்" என்றான். இன்னும் மச்சான் ஆகவில்லை என்றேன். அதனாலதான் சீக்கிரம் ஏறச் சொல்றேன் என்றான். பெட்டியைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினோம்.

இருபது மைல். மணிக்கு இருநூற்றைம்பது மைலில் வந்தவன் மணிக்குப் பத்து மைலில் மிதித்தேன். மூன்று வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து நூல் இழுத்த கால். திருக்கழுக்குன்றத்துக்கு வரும்போது தொடை கல்லாகிவிட்டது. டீக்கடையில் ஒரு நிமிஷம் நின்றோம். கடைக்காரர் எங்கள் கோலத்தைப் பார்த்து விசாரித்தார். ஜமால் பெருமையாக, இவன் இன்று காலையில் சிங்கப்பூரில் இருந்தவன், ஏழே மணி நேரத்தில் வந்துவிட்டான் என்றான். கடைக்காரர் அசரவில்லை. கிளாஸை அலம்பிக்கொண்டே மலையைக் காட்டினார். அந்த மலையில் நாள்தோறும் உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையில் பொங்கல் சாப்பிட்டுப் போவதும், அவை காசியில் குளித்துவிட்டு வருவதாகச் சொல்வதும் எங்கள் தாலுகாவில் எல்லோருக்கும் தெரியும்.

"அதுங்க காலைல காசில குளிச்சிட்டு மத்தியானம் சோத்துக்கு இங்க வந்துருது. சாயங்காலம் ராமேஸ்வரம். பாஸ்போட்டு கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு நாளும் லேட்டானது இல்ல. நீ இன்னா அண்ணாத்த, மூச்சு வாங்கிகினு கீற" என்றார்.

மறுபடி மிதித்தோம். ஊருக்கு மூன்று மைல் இருக்கும்போது ஜமால் சைக்கிளை என் பக்கமாக ஒட்டி வந்தான். அதுவரை இருந்த கேலி அவன் குரலில் இல்லை. "டேய், அது வேணாம்னு சொல்லிட்டா நீ கட்டாயப்படுத்தாத. நான் வேற வண்டில திரும்பிப் போயிடறேன். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லிம் கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, அதுவும் இவன் வாயிலிருந்து.

நாங்கள் வாசலில் இறங்கும்போது மணி ஆறுக்குப் பத்து நிமிஷம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் முகத்தைத் தடவிவிட்டு, பேச்சு அப்புறம், முதலில் உள்ளே போ என்று தள்ளினாள். சின்னத்தாவும் ஹஜ்ரத்தின் மருமகனும் சாட்சிகள். திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். காலில் செம்மண், மூச்சு இன்னும் அடங்கவில்லை. சொல்ல வேண்டிய வாசகத்தை விமானத்தில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனாலும் நடுவில் தடுமாறியது. செங்கல்பட்டு ஜமாலுக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு முடித்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சின்னத்தா தலையை ஆட்டி, பேசாமல் இருந்தால் சரி என்றுதான் அர்த்தம், வா என்பதுபோல என் கையைத் தொட்டார். நான் நகரவில்லை. மறுபடி கேட்டேன்.

"ஏழு மணி நேரம்னு எழுதின. நேத்துலேருந்து உக்காந்துகினு கீறேன்" என்றது மைமூனின் குரல். உள்ளே பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நான் வேணாம்னு சொன்னா நீ இன்னா பண்ணுவ?"

"வெளியில போய், வேணாம்னு சொல்லிட்டாள்னு சொல்லுவேன்."

"கோச்சுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"சின்னத்தா கேட்டிருந்தா நான் வாயத் தொறக்கறதுக்குள்ளயே சரின்னு எழுதிக்குவாங்க. அதான் நீ வரணும்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "சம்மதம், போ."

சின்னத்தா இருமினார். அத்தா போன பிறகு நான் அந்த வீட்டில் அழுததில்லை. அன்று திரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வருத்தத்தில் இல்லை. எட்டு நாள் தூரத்தில் இருக்கும் அண்ணன் எதற்கு என்று நினைத்தவள், தன்னால் வேண்டாம் என்று சொல்ல முடிகிற ஒரே ஆளாக என்னை வைத்திருந்திருக்கிறாள். நான் நாலு பக்கம் அளந்ததில் அவள் நம்பியது ஒரு வரியை. அந்த ஒரு வரியை நான் எப்படியோ பொய்யாக்காமல் வந்து சேர்ந்துவிட்டேன்.

வெளியில் வந்து ஜமாலைப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் கண்ணை மூடித் திறந்தான். ஹஜ்ரத்தின் முன்னால் அவன் கையை என் கையில் வைத்தார்கள். இரண்டு கையிலும் ஹேண்டில் பிடித்த தடம் சிவந்திருந்தது. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஹஜ்ரத் பதிவுப் புத்தகத்தை மூடிக்கொண்டே, அஸர் தொழுதாயா என்று கேட்டார். இல்லை. சூரியன் மறைய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

ஒரு தூணோரம் தனியாக நின்று தொழுதேன். இரண்டு ரக்அத் முடிந்து உட்கார்ந்தபோது எனக்கு ஒரு சிக்கல் வந்தது. மத்தியானம் இப்படி உட்கார்ந்ததும் சலாம் சொல்லி முடித்தேன், பயணி என்பதால். இப்போது? ஓதக் கற்ற பள்ளிவாசல், பிறந்த ஊர். இங்கே யாராவது பயணியா? ஆனால் பதினோராம் நாள் எனக்குத் திரும்பும் டிக்கெட் இருக்கிறது. என் பாயும் பெட்டியும் துவைத்த சட்டையும் சிராங்கூன் சாலையில் கிடக்கின்றன. சட்டம் எனக்குத் தெரியும், சொந்த ஊருக்குள் வந்ததும் பயணம் முடிந்துவிடும். தெரிந்தும் உடம்பு எழவில்லை. ஒரு மூச்சு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மீதி இரண்டையும் தொழுதேன்.

அன்று பிறை தெரியவில்லை. மாலைத் தொழுகையான மஃரிப் முடிந்து ஊரே கடற்கரையில் நின்று பார்த்தது, மேகம் விடவில்லை. மாதம் இன்னொரு நாள் நீண்டது. சனிக்கிழமையே வைத்திருக்கலாம். ஜமால் தன் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டே, இதை யாரிடமும் சொல்லாதே மச்சான் என்றான். இந்த முறை மச்சான் என்றதில் திருத்த ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. மைமூன் செங்கல்பட்டிலிருந்து எழுதுகிறாள், கடைக்குப் பின்னால்தான் வீடு, பெல் சத்தத்தில் தூங்க முடியவில்லையாம். லிம் கவுண்டரில் யாருக்காவது நூல் இழுக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பான். மாலையில் அறைக்கு வந்து அஸர் தொழுகிறேன். கணக்குப்படி இங்கேயும் நான் பயணி இல்லை, நான்கும் தொழ வேண்டியவன். ஆனாலும் இரண்டு முடிந்து உட்காரும்போது அந்தத் தயக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது, முடிப்பதா, எழுவதா என்று. முழங்கால் மேல் விரித்த கையில் சுண்டுவிரல் தெரிகிறது. ஊர்வரை நூல் அதைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். எழுந்துவிடுகிறேன்.